'வினைப்பயன்' போதுமா? ஓசியாவின் எச்சரிக்கைக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒருவர் செய்வதற்கும் அவருக்கு நேர்வதற்கும் உள்ள தொடர்பைக் குறிக்க விவிலிய ஆய்வில் ஒரு ஜெர்மன் சொல் உண்டு. பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஓசியாவின் நூலை விளக்க அதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> 'டூன்-எர்கேயன்-சுசம்மன்ஹாங்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு வினைப்பயன் என்றே எழுதிவிடலாமே. தினை விதைத்தவன் தினை அறுப்பான் என்பதுதானே இதுவும்?

பழமொழி அழகாகப் பொருந்துகிறது, ஐயா. 'வினைப்பயன்' என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது. அதைக் கேட்டதும் நமக்கு முற்பிறவி நினைவுக்கு வரும், ஊழ் வரும். ஓசியா பேசுவதோ கண்ணெதிரே இருக்கும் ஒரு நாட்டைப் பற்றி. இரண்டாம் யெரொபெயாமுக்குப் பின் இஸ்ரவேலை ஆண்ட ஆறு அரசர்களில் நால்வர் கொலையுண்டார்கள். அந்த அறுவரில் ஒருவனான மெனாகேம் அசீரிய அரசனுக்கு ஆயிரம் தாலந்து வெள்ளி கொட்டிக் கொடுத்தான். அப்படியும் கி.மு. 722 வாக்கில் தலைநகர் சமாரியா அசீரியரிடம் விழுந்தது.

"காற்றை விதைத்து, சூறைக்காற்றை அறுப்பார்கள்" (ஓசியா 8:7). அடுத்த வரியையும் பாருங்கள்: கதிர் மாவைக் கொடுக்காது. எபிரேயத்தில் 'செமாக்', 'கெமாக்' என்று முளையும் மாவும் எதுகையாக நிற்கின்றன. பயிர் நிற்கிறது, உருவிப் பார்த்தால் பதர். நம் ஊரில் சாவியாய்ப் போச்சு என்பார்களே, அதேதான். தண்டனை வெளியிலிருந்து வந்து விழவில்லை, விதைத்ததே முற்றுகிறது. ஜெர்மன் விவிலிய அறிஞர் கிளாவுஸ் கோக் 1955-ல் வலியுறுத்தியதும் இதைத்தான். அதனால் 'தண்டனை' என்ற சொல்லும் இங்கே ஆகாது.

எபிரேய 'அவோன்' குற்றத்தையும் குறிக்கும், அதனால் வரும் கேட்டையும் குறிக்கும். ஆதியாகமத்தில் தம்பியைக் கொன்ற காயீன் சொல்லும் அதே சொல்லைத் தமிழ் வேதாகமம் 'தண்டனை' என்கிறது. மற்ற பல இடங்களில் 'அக்கிரமம்' என்கிறது. இரண்டையும் ஒருசேரத் தாங்கும் சொல் நம்மிடம் 'வினை' ஒன்றுதான். வினை செய்கிறோம், வினை வந்து சேர்கிறது. அதை எப்படி விட முடியும்?

என் பரிந்துரை: வினைவிளைவுப் பிணைப்பு.

'வினை', 'பிணைப்பு' இரண்டையும் வேதியியல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று சிலர் தயங்கலாம். இடம் பார்த்துப் பொருள் கொள்வது நமக்குப் புதிதல்ல. 'தொடர்பு' என்று போடாமல் 'பிணைப்பு' என்றதற்குக் காரணம் உண்டு. பிணைத்ததை அவிழ்க்கலாம். 14-ஆம் அதிகாரம் "இஸ்ரவேலே, திரும்பு" என்றுதான் தொடங்குகிறது. விழுந்தவனைக் குணமாக்குவேன் என்கிறது. 'வினைப்பயன்' அந்த வாசலை அடைத்துவிடுகிறது.

10:13-க்கு விளக்கம் எழுதும்போது போட்டுப் பார்த்தேன்: "அநியாயத்தை உழுது தீவினையை அறுத்தார்கள் என்பதில் வினைவிளைவுப் பிணைப்பு வெளிப்படுகிறது." எனக்கு இடறவில்லை. உங்களுக்கு எப்படி?