பதில்: மெட்ரிக் – ‘முன்னுரிமை எண்’ வேண்டாம், ‘தடச்செலவு’ போதும்

வணக்கம்.

கணினியைப் பிணையத்தோடு (நெட்வொர்க்) இணைக்கும் தகவியின் (அடாப்டர்) அமைப்புகளில் ‘மெட்ரிக்’ என்று ஓர் எண் வரும். ஒரே இடத்துக்குப் பல தடங்கள் (ரூட்) இருந்தால் எதில் போவது என்று தீர்மானிப்பது அதுதான். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: அளவை, முன்னுரிமை எண், தடச்செலவு. ‘அளவை’யை ஒதுக்கிவிடலாம். எதை அளக்கிறது என்று அது சொல்வதில்லை. தருக்க நூல்களில் அதற்கு வேறு வேலையும் இருக்கிறது.

‘முன்னுரிமை எண்’ணுக்கு ஆதரவு அதிகம். 1 என்றால் முதலிடம், யாருக்கும் புரியும். ஆனால் இரண்டு தகவி உள்ள கணினியைப் பழுது பார்ப்பவரை அந்தச் சொல் சுற்றலில் விட்டுவிடும்.

ஒரு மடிக்கணினி. கேபிளில் ஆய்வுக் கருவிகளுக்கான உள்பிணையம், வைஃபையில் இணையம். இரண்டு பக்கமும் டிஎச்சிபி (முகவரிகளைத் தானாக வழங்கும் நெறிமுறை) ஆளுக்கொரு இயல்பு நுழைவாயிலைக் (தனித் தடம் இல்லாத முகவரிகளுக்கெல்லாம் பொதுவான வெளிவாசல்) கொடுத்துவிட்டது. லினக்ஸில் பிணைய இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் வழக்கமாகக் கேபிளுக்கு மெட்ரிக் 100, வைஃபைக்கு 600 என்று போடும். சின்ன எண்தான் வெல்லும் என்பதால் இணையத்துக்கான தரவுப் பொட்டலங்கள் கேபிளில் போய் முட்டிக்கொள்ளும். வைஃபை சிக்னல் முழுசாகத் தெரியும், ஓர் இணையப் பக்கமும் திறக்காது. பயனர் வைஃபைக்கு ‘முன்னுரிமை 1’ கொடுக்கிறார். இணையம் வந்துவிடும், ஆனால் கேபிள் பக்கத் திசைவிக்கு (ரவுட்டர்) அப்பால் இருக்கும் கருவிகள் காணாமல் போய்விடும்.

சரியான வைத்தியம், கேபிள் பக்க இயல்பு நுழைவாயிலை எடுத்துவிட்டு, அந்த உள்முகவரிகளுக்கு மட்டும், 192.168.50.0/24 என்று வைத்துக்கொள்வோம், ஒரு நிலையான தடம் எழுதுவது. அந்தத் தடத்துக்கு மெட்ரிக் 5000 என்று போட்டாலும் அந்த முகவரிகளுக்கு அதுதான் வெல்லும். முன்னொட்டு (முகவரியின் தொடக்கப் பகுதி, /24 என்றால் முதல் 24 பிட்) நீளமாகப் பொருந்தும் தடத்துக்கே முதல் மரியாதை. முன்னொட்டும் சமமாக இருந்தால்தான் மெட்ரிக்குக்கு வேலை. ‘முன்னுரிமை 1’ ஏன் 5000-இடம் தோற்றது என்று பயனருக்கு எப்படி விளக்குவது? செலவு என்றால் இந்தச் சிக்கலே இல்லை. ஒரே ஊருக்கு இரண்டு வழி இருக்கும்போதுதானே எதில் செலவு குறைவு என்று பார்ப்போம்?

இன்னொன்று, மெட்ரிக்கைக் கூட்ட முடியும். விண்டோஸில் தடங்களைப் பட்டியலிடும் ‘ரூட் பிரிண்ட்’ கட்டளையைக் கொடுத்தால் 281 என்ற எண் அடிக்கடி கண்ணில் படும். தடத்துக்கு 256, தகவிக்கு 25, சேர்த்து 281. செலவோடு செலவைக் கூட்டலாம். முன்னுரிமையோடு முன்னுரிமையைக் கூட்டினால் என்ன வரும்?

‘செலவு’ என்றதும் பணம் நினைவுக்கு வருகிறது, கட்டண இணைப்போ என்று குழம்புவார்கள் என்ற எதிர்ப்பு நியாயமானதுதான். அதனால்தான் ‘தட’ ஒட்டு வேண்டும் என்கிறேன், வெறும் செலவு போதாது. செல் என்பதிலிருந்து வந்த செலவுக்குப் பழைய பொருள் போவது, பயணம். அகப்பாடல்களின் ‘செலவழுங்கல்’ தலைவன் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான், சிக்கனம் அல்ல!

திசைவிகள் தடங்களைப் பகிர்ந்துகொள்ளும் ரிப் நெறிமுறை தாவல்களைத்தானே (ஒரு திசைவியைக் கடப்பது ஒரு தாவல்) எண்ணுகிறது என்று கேட்டிருந்தார்கள். ஒரு தாவலுக்குச் செலவு ஒன்று, 16 வந்தால் போக்கிடமில்லை. அங்கும் பொருந்துகிறது.

இடைமுகப்பில் இப்படி எழுதலாம்: ‘தகவியின் தடச்செலவு’, ‘தடச்செலவைத் தானாகக் கணக்கிடு’. ஓஎஸ்பிஎஃப் என்ற இன்னொரு தட நெறிமுறை தன் மெட்ரிக்கையே ‘காஸ்ட்’ என்கிறது. அதற்கு ‘இணைப்புச்செலவு’ என்று தனியாக வைக்கலாமா, இல்லை இதுவே போதுமா? திசைவிகளோடு தினமும் மல்லுக்கட்டுபவர்கள் சொல்லுங்கள்.