கட்சி இல்லாமல் கவுன்சிலர் தேர்தலில் நிற்கலாமா?

தையல்கடை அக்கா, திருச்சி

வணக்கம். பதினாறு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட் தைக்க வந்தவர்கள் போகப் போக முதியோர் பென்ஷன் மனு, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று கொண்டுவர ஆரம்பித்தார்கள். எழுதிக் கொடுப்பேன், சில நேரம் கூடவே போய் நிற்பேன். இப்போது "நீயே நில்லு அக்கா, நாங்க போடுறோம்" என்கிறார்கள். 2022இல் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. அடுத்த முறை எப்படி வருமோ, அது வேறு கவலை.

எந்தக் கட்சியிலும் நான் இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நில்லு, ஆனா நகையைத் தொடாதே" என்றார். கையில் ஒரு லட்சம் சீட்டுப் பணம் இருக்கிறது. சுயேச்சையாக நின்றவர்கள் யாராவது இங்கே இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். "போடுறோம்" என்கிறவர்களை எவ்வளவு நம்பலாம்?

ஜெராக்ஸ் கடைக்காரன், மதுரை

நான் நின்றவன். 2022 பிப்ரவரி, மதுரை மாநகராட்சி, பூட்டு சாவி சின்னம், 311 ஓட்டு. டெபாசிட் 4,000 ரூபாய் போயிற்று. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்கினால்தான் திரும்பக் கிடைக்கும். எங்கள் வார்டில் அதற்கே ஆயிரத்துக்கு மேல் வேண்டும்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது சென்னைக்கு 90,000, மற்ற மாநகராட்சிகளுக்கு 85,000 என்று செலவு வரம்பு. எனக்கு 61,000 ஆனது. நோட்டீஸ், மைக் கட்டிய ஆட்டோ, கூட வந்த பையன்களுக்குச் சாப்பாடு. அதிகம் போனது டீக்குத்தான், சத்தியமாக. உங்கள் ஒரு லட்சமே அதிகம், நகை பத்திரமாக இருக்கும். ஒவ்வொரு பில்லையும் எடுத்து வையுங்கள். தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று வருடம் நிற்க முடியாது.

எனக்கு உதைத்தது நாள் கணக்கு. ஜனவரி 26 அறிவிப்பு, 28 முதல் பிப்ரவரி 4 வரை மனு, 7ஆம் தேதி வாபஸ் முடிந்த பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம். 17ஆம் தேதி மாலை பிரச்சாரம் ஓய்ந்துவிட்டது. ஆக, பூட்டு சாவியை ஜனங்கள் மண்டையில் ஏற்ற எனக்குக் கிடைத்தது பத்து நாள். கட்சிக்காரர்களின் சின்னம் பாட்டன் காலத்திலிருந்து சுவரில் இருக்கிறது.

ஒரு பாட்டி வீட்டில் நோட்டீஸ் கொடுத்தேன். வாங்கி, இரண்டு உதறு உதறிப் பார்த்தது. ஒன்றும் விழவில்லை. "வெறும் காயிதந்தானாப்பா?" என்றது. கோபமெல்லாம் இல்லை, பாவமாகத்தான் பார்த்தது. ஓட்டுக்கு முதல் நாள் ராத்திரி, ஒன்பதரைக்கே கதவடைக்கிற எங்கள் தெருவில் பதினொன்றரைக்கும் வாசல் லைட் எரிந்தது. எதற்கென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நான் தோற்றதற்கு அதுதான் காரணம் என்று இப்போது சொல்ல மாட்டேன். மூன்று மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஒருநாள் பூத் வாரியாகக் குறித்து வைத்த தாளை எடுத்துப் பார்த்தேன். 12 பூத். கடை இருக்கிற தெரு ஓட்டுப் போடும் பூத்தில் 94. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பூத்தில் 3. அங்கேயும் கவர் கொடுத்தார்கள், இங்கேயும் கொடுத்தார்கள். என்னைத் தெரிந்த இடத்தில் 94, தெரியாத இடத்தில் 3, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மூன்று பேர் யாரென்று இன்றைக்கும் யோசிப்பேன்.

அதனால் "போடுறோம்" என்கிறவர்களை எண்ணாதீர்கள். வார்டு வாக்காளர் பட்டியலை எடுங்கள். பாகம் பாகமாக உட்கார்ந்து, உங்களைத் தெரிந்தவர் பெயருக்கு மட்டும் பென்சிலில் புள்ளி வையுங்கள். ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் அடுத்த வார்டுக்காரர்களாகவும் இருப்பார்கள். என் கடையில் அப்படித்தான், தினமும் கும்பல். பாதிப் பேருக்கு எங்கள் வார்டில் ஓட்டே இல்லை.

சும்மா ஒரு வாசகன்

ஜெயித்தாலும் கவுன்சிலர் மதிப்பூதியம் மாதம் 10,000. அதுவும் 2023இல்தான் வந்தது. ஜாக்கெட் தைத்தாலே அதைவிட வரும் அக்கா.

தேர்தல் பணி வாத்தியார்

மேலே உள்ளவரை விடுங்கள். நான் மனு வாங்கும் இடத்தில் உதவிக்கு இருந்தவன், ஒரு விஷயம் சொல்கிறேன். வேட்பாளர் பெயர் அந்த மாநகராட்சிப் பட்டியலில் எந்த வார்டில் இருந்தாலும் போதும், ஆனால் முன்மொழிகிறவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். ஜனங்கள் இதை மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். 2021இல் கோவைப் பக்கம் ஊராட்சி வார்டு இடைத்தேர்தலில் ஒருவர் ஒரே ஓட்டு வாங்கினார் என்று ஊரே சிரித்ததே, அவர் குடும்பத்துக்கு அந்த வார்டில் ஓட்டே கிடையாது. சிரித்தவர்கள் அதை விசாரிக்கவில்லை.

முன்மொழிகிறவரின் பாகம் எண், வரிசை எண்ணைப் புதிய பட்டியலைப் பார்த்து எழுதுங்கள். பழைய சிலிப்பைப் பார்த்து எழுதிவிட்டுப் பரிசீலனை நாளில் கண் கலங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கி இருந்தால் இப்போதே கட்டிவிடுங்கள். கடைசி நாள் வராதீர்கள், வாசலில் கட்சிக் கூட்டம் தாண்டி உள்ளே வரவே ஒரு மணி நேரமாகும்.

ஜெராக்ஸ் கடைக்காரன், மதுரை

வாத்தியார் சொல்வது நூற்றுக்கு நூறு. எங்கள் வீட்டுத் தண்ணீர் வரியை நான் கட்டியது பிப்ரவரி 3 சாயங்காலம், மூச்சு வாங்க.

இன்னொன்று, ஏஜென்ட். 12 பூத்துக்கு என்னிடம் ஐந்து பேர்தான். காலை ஏழு மணியிலிருந்து உட்கார வேண்டும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன ஒருவன் திரும்ப வரவே இல்லை. உங்களிடம் பெண்கள் கூட்டம் இருக்கிறது, மகளிர் குழுவில் கேட்டுப் பாருங்கள். நோட்டீஸில் வீட்டுக்காரர் படத்தைப் பெரிதாகப் போட்டுவிடாதீர்கள். 2016இல் சட்டம் போட்டுப் பாதி இடம் பெண்களுக்குக் கொடுத்த பிறகும், எங்கள் பக்கம் சில வார்டில் யார் கவுன்சிலர் என்று கேட்டால் கணவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

தையல்கடை அக்கா, திருச்சி

எல்லாருக்கும் நன்றி. பத்தாயிரம் சொன்ன தம்பிக்கும்தான், தீபாவளி மாதம் மட்டும் நீங்கள் சொல்வது சரி.

நேற்று ராத்திரி பட்டியலில் முதல் பாகத்தை மட்டும் உட்கார்ந்து பார்த்தேன். 1,040 பெயர். மகள் வாசிக்க வாசிக்க நான் புள்ளி வைத்தேன். 61 வந்தது. இருநூறாவது வருமென்று நினைத்திருந்தேன், கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு மகள் ஒன்று கேட்டாள்: "அம்மா, இவங்களுக்கு உன் பேரு தெரியுமா?" யோசித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் தெரியாது, எல்லாருக்கும் நான் டெய்லர் அக்காதான்.

வாத்தியார் சார், ஓட்டு மெஷினில் பெயருக்குப் பக்கத்தில் அதையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேட்க வழி இருக்கிறதா?