மறு: இம்மொபிலைசேஷனுக்கு ‘உலோகக்கட்டு’

ஐயா, வணக்கம். நம் மண் கையேட்டில் ‘இம்மொபிலைசேஷன்’ என்பதற்கு, அதாவது மண்ணில் கலந்த நச்சு உலோகத்தை நகரவிடாமல் செய்வதற்கு, நீங்கள் முன்வைத்த ‘உலோக நீக்கம்’ எனக்கு ஒப்பவில்லை. வயலில் தொழுவுரமோ சுண்ணாம்போ கரிப்பொடியோ போட்டால் உலோகம் எங்கேயும் போய்விடுவதில்லை, அதே மண்ணில்தான் கிடக்கிறது, வேர் எளிதில் இழுக்க முடியாத வடிவத்துக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் நிலம் வைத்திருப்பவரிடம் ‘நீக்கம்’ என்றால் நிலம் சுத்தமாகிவிட்டது, இனி கீரையே விதைக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்வார். கீரைதான் இந்த உலோகங்களை அதிகம் சேர்த்துக்கொள்கிற பயிர்களில் ஒன்று.

அக்கா சொன்ன ‘முடக்கம்’ பரவாயில்லை, ஆனால் கேட்டதும் பணி முடக்கம்தான் நினைவுக்கு வருகிறது.

‘உலோகக்கட்டு’ என்று வைக்கலாமே. ஓடுகிற பாதரசத்தை இறுக்கி நிறுத்துவதைச் சித்த மருத்துவத்தில் ரசக்கட்டு என்கிறார்கள், கிட்டத்தட்ட அதே வேலைதான் இங்கேயும். மண்ணில் இடுவது ‘கட்டுப்பொருள்’. இதற்கு எதிர்ச்சொல்லைத் தேடவே வேண்டாம்: கட்டவிழ்தல்.

நம் ஊர்க் குரோமியத்துக்கு அந்த எதிர்ச்சொல் கட்டாயம் வேண்டும். மண்ணில் குரோமியம் பெரும்பாலும் 3, 6 என்று இரண்டு வடிவங்களில் இருக்கும். அதில் குரோமியம் 6 நீரில் கரையும். ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுமேட்டிலிருந்து கசியும் தண்ணீர் மஞ்சளாக இருப்பது அதனால்தான். மட்கும் பொருள் அதைக் குரோமியம் 3 ஆக ஒடுக்கும் (எலக்ட்ரான் கொடுத்து மாற்றும்), அது ஹைட்ராக்சைடாகப் படிந்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், பயிரில் அவ்வளவாக ஏறாது. சரி, கட்டு விழுந்தது. ஆனால் மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் அந்தக் குரோமியம் 3இல் ஒரு பங்கு மறுபடி 6 ஆக மாறலாம், அதாவது கட்டவிழும். சுண்ணாம்பிலும் கவனம் வேண்டும், காட்மியத்தையும் ஈயத்தையும் அது கட்டும், குரோமியம் 6இன் வடிவமான குரோமேட்டையோ காரம் ஏற ஏற மண் பிடித்துவைப்பது குறைந்துகொண்டே போகும். நெல்லில் இன்னொரு சிக்கல்: வயலில் தண்ணீர் நின்றால் காட்மியம் கட்டுப்படும், ஆர்செனிக் அவிழும், வடித்துக் காயவிட்டால் நேர்மாறு.

இதையெல்லாம் ‘நீக்கம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள், வராது.

அப்டேக்குக்கு, அதாவது பயிர் உலோகத்தை வேர்வழி இழுத்துக்கொள்வதற்கு, ‘உறிஞ்சல்’ போதும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

அப்புறம் ஒன்று, கையேட்டின் மண் பரிசோதனை அட்டவணையில் ‘மொத்தக் குரோமியம்’, ‘கட்டுப்படாத குரோமியம்’ இரண்டையும் தனித்தனிக் கட்டமாகப் போடுங்கள். எவ்வளவு எரு போட்டாலும் முதல் எண் அப்படியேதான் இருக்கும், விவசாயி பார்க்கவேண்டியது இரண்டாவதை.