மறு: பிரிவ்யூ – முன்னோட்டமா, வெள்ளோட்டமா?

ஐயா, நாடகச் சொற்களைத் தமிழாக்கும்போது பிரிவ்யூவுக்கு (முறையான தொடக்க நாளுக்கு முன்பே பார்வையாளர்களுக்கு ஆடிக்காட்டும் காட்சி) முன்னோட்டம் என்று போடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: முன்னோட்டம் வேண்டாம். நல்ல சொல்தான், ஆனால் சினிமாக்காரர்கள் அதை டிரெய்லருக்கு எடுத்துக்கொண்டு ரொம்ப நாளாகிவிட்டது. டிக்கெட் விற்கும் இடத்தில் "முன்னோட்டம், மாலை 7.30" என்று போட்டால் இரண்டு நிமிஷ வீடியோ என்றுதான் நினைப்பார்கள்.

பெரிய நாடக அரங்குகள் இருக்கும் லண்டன் வெஸ்ட் எண்டிலும் நியூயார்க் பிராட்வேயிலும் பிரிவ்யூ என்றால் முழு நாடகம், காசு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும், சில நாடகங்களுக்கு விலை கொஞ்சம் குறையும். ஆனால் நாடகம் இன்னும் கெட்டிப்படவில்லை. பகலில் ஒத்திகை, இரவில் காட்சி. நேற்று யாரும் சிரிக்காத வசனம் இன்று காணாமல் போயிருக்கும், பாட்டு இடம் மாறியிருக்கும். முறையான தொடக்க நாள்வரை பத்திரிகைகள் விமர்சனம் போடுவதில்லை என்பது வழக்கம். பிராட்வேயில் 'ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்' 2010 நவம்பர் 28-இல் பிரிவ்யூவை ஆரம்பித்து, 182 பிரிவ்யூ ஆடி, 2011 ஜூன் 14-இல்தான் தொடங்கியது. நடுவில் இயக்குநர் மாறினார், கதையும் மாறியது, பொறுமையிழந்த பத்திரிகைகள் பிப்ரவரியிலேயே விமர்சனத்தைப் போட்டுவிட்டன. ஆறரை மாதத்துக்கு ஒரு முன்னோட்டமா?

அதனால்தான் வெள்ளோட்டம் என்கிறேன். புதுத் தேர் செய்தால் சாமியை ஏற்றாமல் ஒரு சுற்று இழுத்துப் பார்ப்பார்களே, சக்கரம் சரியாக உருள்கிறதா, திருப்பத்தில் முட்டுக்கட்டை பிடிக்கிறதா என்று. ஊரே கூடி வடம் பிடிக்கும், ஆனாலும் அது தேரோட்டம் இல்லை. "வெள்ளோட்டக் காட்சி", "வெள்ளோட்டக் கட்டணம்" எல்லாம் வாயில் இடறாமல் வருகிறது. (தேர் வெள்ளோட்டத்துக்கு யாரும் டிக்கெட் போடுவதில்லை என்று ஒருவர் கிளம்புவார், கிளம்பட்டும்.)

அப்படியானால் தொடக்க நாளுக்கு அரங்கேற்றம் கையிலேயே இருக்கிறது. அது பரதநாட்டியத்துக்கு மட்டும் எழுதிக்கொடுத்த சொல் இல்லை, கம்பர் காவியத்தையே அரங்கேற்றினார் என்றுதானே சொல்கிறோம்.

மேட்னியை விட்டுவிடுங்கள், அது தமிழாகிவிட்டது. பிரெஞ்சில் காலை என்ற சொல்லிலிருந்து வந்து மதியக் காட்சிக்குப் பெயரான ஆசாமி அது, நாம் திருத்த வேண்டியதில்லை.

அண்டர்ஸ்டடிக்கு, அதாவது ஒரு வேஷக்காரர் வராவிட்டால் அவர் வேஷத்தைக் கட்டத் தயாராக இருப்பவருக்கு, மாற்று நடிகர் போதும். ஸ்விங்தான் இடிக்கிறது: குழுவில் ஐந்தாறு பேருடைய ஆட்டத்தையும் நிற்கும் இடத்தையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, யார் வராவிட்டாலும் அந்த இடத்தில் ஏறி ஆடுகிறவர். மாற்று நடிகர் என்றால் இந்தப் பாடு தெரியவே தெரியாது. தெருக்கூத்து ஜமாவில் (கூத்துக் குழுவில்) இப்படி எந்த வேஷமும் கட்டக்கூடியவரை எப்படிக் கூப்பிடுவார்கள்? கூத்துப் பக்கம் பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.