வலிப்புக்குப் பின் எலி ஹிப்போகேம்பஸில் கே.சி.சி.2, சி-ஃபாஸ்: பிளாட் முடிவுகள் ஏன் இப்படி வருகின்றன?

சினாப்ஸ்_தேடல்:
வலிப்புக்குப் பின் கே.சி.சி.2 (நியூரானிலிருந்து குளோரைடை வெளியேற்றும் புரதம்), சி-ஃபாஸ் (நியூரான் தூண்டப்பட்டதும் எழும் புரதம்) ஆகியவற்றை வெஸ்டர்ன் பிளாட்டில், அதாவது புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அளந்து, பார்க்கிறோம். ஆண் ஸ்ப்ராக்-டாலி எலிகளில் லித்தியம்-பைலோகார்பைன் முறை (மருந்தால் தொடர்வலிப்பை உண்டாக்குவது). அளவுகள் எல்லாம் உடல் எடையில் கிலோவுக்கு: லித்தியம் குளோரைடு 127 மி.கி.; 20 மணி நேரம் கழித்து மெத்தில் ஸ்கோபோலமைன் 1 மி.கி.; அரை மணி நேரத்தில் பைலோகார்பைன் 30 மி.கி. தொடர்வலிப்பு தொடங்கி 90 நிமிடம் ஆனதும் டயஸிபாம் 10 மி.கி. கொடுத்து நிறுத்துகிறோம். 24 மணி நேரத்தில் ஒரு தொகுதி, 8 வாரத்தில் இன்னொரு தொகுதி. ஹிப்போகேம்பஸை (மூளையின் நினைவுப் பகுதி) முழுதாக எடுத்து, திசுவைக் கரைக்கும் ரிப்பா பஃபரில் அரைத்து, கிடைக்கும் லைசேட்டை லேனுக்கு 20 மைக்ரோகிராம் ஏற்றுகிறோம். 95 டிகிரியில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, எல்லா லேன்களிலும் சமமாக இருக்கும் என்று கருதும் பீட்டா-ஆக்டின் புரதத்தை வைத்துச் சரிக்கட்டுகிறோம்.

மூன்று குழப்பங்கள். கே.சி.சி.2 ஜெல்லின் உச்சியில் புகைபோல் இழுபடுகிறது, 140 கிலோ டால்டனில் பேண்ட் மங்கல். 8 வாரத் தொகுதியில் தன்னிச்சை வலிப்பு வருவது கண்ணுக்கே தெரிகிறது, ஆனாலும் சி-ஃபாஸ் கன்ட்ரோலைவிடக் குறைவு. காபா-ஏ ஆல்ஃபா1 (நியூரானை அடக்கும் காபா-ஏ ஏற்பியின் ஒரு துணை அலகு) எந்த மாற்றமும் காட்டவில்லை. எது பிழை, எது உண்மை?

லைசேட்_மேசை:
முதல் குழப்பத்துக்குக் காரணம் அந்த 95 டிகிரிதான். கே.சி.சி.2 சவ்வை 12 முறை ஊடுருவும் புரதம். கொதிக்கவைத்தால் நீர்வெறுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, ஜெல்லுக்குள் இறங்காமல் கிணற்றிலேயே நின்றுவிடும். 37 டிகிரியில் 30 நிமிடம் போதும். டி.டி.டி.யை (புரதத்தின் சல்ஃபர் பிணைப்புகளைப் பிரிக்கும் வேதிப்பொருள்) அன்றன்றே கரைத்துச் சேருங்கள். 7.5 சதவீத ஜெல், ஈர டிரான்ஸ்ஃபர் (ஜெல்லிலிருந்து புரதத்தை மென்படலத்துக்கு மாற்றுவது), 4 டிகிரியில் 30 வோல்ட்டில் இரவு முழுக்க. மெத்தனாலை 10 சதவீதமாகக் குறைத்தால் பெரிய புரதங்கள் எளிதாக வெளியேறும். இவ்வளவு செய்தும் 270 கிலோ டால்டனுக்கு அருகே ஒரு பேண்ட் மிஞ்சலாம். அது இருபடி வடிவம். வெட்டி எறியாமல் இரண்டையும் அளந்து தனித்தனியே காட்டுங்கள்.

வேகம் இன்னொரு விஷயம். தொடர்வலிப்பின்போது நியூரானுக்குள் கால்சியம் பெருகி, புரதத்தை வெட்டும் நொதியான கால்பெயின் விழித்துக்கொள்கிறது, கே.சி.சி.2 அதன் இரைகளில் ஒன்று. திசு மேசையில் சூடாகக் கிடந்தால் இந்த வெட்டு தொடரும், அதை "வலிப்பால் குறைந்தது" என்று தவறாகப் படித்துவிடுவோம். பனிக்கட்டி மேல் பிரித்து, உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள். பஃபரில் இ.டி.டி.ஏ., கால்பெயின் தடுப்பான், பாஸ்படேஸ் தடுப்பான்களான சோடியம் ஃப்ளோரைடு, ஆர்த்தோவனடேட் எல்லாம் இருக்கட்டும். 940-ஆம் அமினோ அமிலமான செரினில் பாஸ்பேட் இருந்தால் கே.சி.சி.2 சவ்வில் நிலைக்கும். அது கழன்றால் உள்ளே போய்விடும். அதைத் தனி ஆன்டிபாடியால் பார்க்க நினைத்தால் பாஸ்படேஸ் தடுப்பான் இல்லாத லைசேட் எதற்கும் உதவாது.

ரிப்பாவில் கரையாமல் அடியில் தங்கும் மண்டியையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு முறையாவது அதை வலுவான சோப்பான எஸ்.டி.எஸ்.-இல் கரைத்து ஓட்டிப் பாருங்கள். காணாமல் போன புரதம் பல நேரம் அங்கேதான் இருக்கும்.

ஃபாஸ்_குறிப்பு:
சி-ஃபாஸ் குறைவது பிழை இல்லை. ஒரு வலிப்புக்குப் பின் அதன் எம்.ஆர்.என்.ஏ. 30 முதல் 60 நிமிடத்தில் உச்சம் தொடும், புரதம் 90 முதல் 120 நிமிடத்தில். சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆகவே 24 மணி நேரத் தொகுதியில் அதைத் தேடுவதே வீண்.

8 வாரத்தில் நடப்பது வேறு. திரும்பத் திரும்ப வலிப்பு வரும் மூளையில், குறிப்பாக ஹிப்போகேம்பஸின் ஒரு பகுதியான டென்டேட் ஜைரஸில், டெல்டா-ஃபாஸ்பி சேர்ந்துகொண்டே போகிறது. சி-ஃபாஸின் குடும்பத்தைச் சேர்ந்த முழு ஃபாஸ்பி புரதத்தின் வால் பகுதியில் 101 அமினோ அமிலம் இல்லாத வடிவம் அது. சிதைவுக்கு அழைக்கும் பகுதி அந்த வாலில்தான் இருப்பதால் இது நாள்கணக்கில் நிலைக்கிறது. பிறகு சி-ஃபாஸ் மரபணுவின் முன்பகுதியில் அமர்ந்து ஹிஸ்டோன் டிஅசெட்டிலேஸை (மரபணுவை மூடிவைக்கும் நொதி) இழுத்துவந்து அதை அடக்கிவிடுகிறது. நீங்கள் பார்ப்பது இந்த அடக்குதலாக இருக்க வாய்ப்பு அதிகம். சோதிப்பது எளிது: அதே லைசேட்டில் ஃபாஸ்பி ஆன்டிபாடியைப் போட்டு, 35–37 கிலோ டால்டன் பேண்டைப் பாருங்கள்.

ஆனால் கடைசி வலிப்புக்கும் உயிர்நீக்கத்துக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்று தெரியாமல் இந்த எண்களுக்குப் பொருள் சொல்ல முடியாது. கண்ணால் பார்ப்பது போதாது. வலிப்பின் தீவிரத்தை அளக்கும் ரசீன் அளவுகோலில் 1, 2 எனும் லேசான நிலைகளும், உடலில் எதுவும் தெரியாத மின்வலிப்புகளும் தப்பிவிடும். இரவும் பகலும் வீடியோ இ.இ.ஜி. (மூளை மின்பதிவு) வேண்டும். எலெக்ட்ரோடு ஆழமாகப் போனால் அந்தத் தடத்திலேயே கிளியா (நியூரான் அல்லாத துணைச் செல்கள்) பெருகும் என்பதால் கன்ட்ரோலுக்கும் அதே அறுவை. கையாளுவதும் கூண்டு மாற்றுவதும்கூட சி-ஃபாஸை எழுப்பும். ஒரு வாரம் முன்பிருந்தே பழக்குங்கள்.

டென்டேட்_வாசல்:
மூன்றாவதுக்கு வருகிறேன். எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. முழு ஹிப்போகேம்பஸை அரைத்தால் மூன்று வெவ்வேறு நிகழ்வுகள் ஒரே குழாயில் கலக்கின்றன: சி.ஏ.1, சி.ஏ.3, ஹைலஸ் ஆகிய உட்பகுதிகளின் நியூரான்கள் சாவது; ஆஸ்ட்ரோசைட்டும் மைக்ரோகிளியாவும் (இரண்டும் கிளியா வகைகள்) பெருகுவது; பிழைத்த நியூரான்கள் தம் புரதங்களை மாற்றுவது. உங்களுக்கு வேண்டியது மூன்றாவது மட்டும். டென்டேட் கிரானூல் செல்களில் ஆல்ஃபா1 குறைந்து ஆல்ஃபா4 கூடுவது இந்த வகை எலிகளிலேயே காட்டப்பட்டது, ஆனால் தனிச் செல்களின் எம்.ஆர்.என்.ஏ.வை எடுத்துப் பார்த்தபோது. டென்டேட், சி.ஏ.1, சி.ஏ.3 மூன்றையும் நுண்ணோக்கியின் கீழ் பிரியுங்கள். முதுகுப்பக்கம், வயிற்றுப்பக்கம் கலக்க வேண்டாம்.

பீட்டா-ஆக்டினை நம்பாதீர்கள். கிளியா பெருகினால் அதுவும் கூடும். மொத்தப் புரதச் சாயத்துக்கு மாறுங்கள், பான்சோகூடப் போதும். பக்கத்திலேயே ஜி.எஃப்.ஏ.பி.யும் (ஆஸ்ட்ரோசைட்டின் அடையாளப் புரதம்) நியூஎன்னும் (நியூரானின் அடையாளப் புரதம்) ஓட்டுங்கள். நியூஎன் காயப்பட்ட செல்லில் சாகாமலேயே மங்கும் என்பதால், செல் இழப்புக்கு வெட்டுத்துண்டில் எண்ணுவதே நம்பகம்.

மொத்த அளவு மாறாமல் மேற்பரப்பு அளவு மட்டும் மாறலாம். தொடர்வலிப்பின்போது சினாப்ஸில் உள்ள காபா-ஏ ஏற்பிகள் உள்ளே இழுக்கப்படுகின்றன. நேரம் ஆக ஆக டயஸிபாம் வேலை செய்யாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். லைசேட்டில் இது தெரியவே தெரியாது. 300 முதல் 400 மைக்ரான் துண்டுகளைப் பனிக்கட்டியில் வைத்து, செல்லின் மேற்பரப்புப் புரதங்களில் மட்டும் ஒட்டும் சல்ஃபோ-என்.எச்.எஸ்.-எஸ்.எஸ்.-பயோட்டின் 1 மி.கி./மி.லி., 45 நிமிடம், பிறகு கிளைசினால் நிறுத்தம். பயோட்டினைப் பிடிக்கும் அவிடின் மணிகளில் சைட்டோசால் (செல்லின் உட்பகுதி நீர்மம்) புரதம் எதுவும் தெரிந்தால் செத்த செல்கள் பயோட்டினைக் குடித்திருக்கின்றன, அந்தத் தொகுதியை ஒதுக்குங்கள்.

கன்ட்ரோல் எலிக்கு பைலோகார்பைன் தவிர மற்ற எல்லாம் கொடுக்கிறீர்களா? லித்தியம் தனியாகவே ஜி.எஸ்.கே.-3 பீட்டா நொதியைத் தடுக்கும். டயஸிபாமும் புரதங்களைத் தொடும்.

சினாப்ஸ்_தேடல்:
இல்லை, கன்ட்ரோலுக்கு சலைன் மட்டும்தான். மாற்றிவிடுகிறோம். இன்னொன்று: செல் சாவை முழுக்க விலக்கி, மின்செயல்பாடு மட்டுமே புரதத்தை மாற்றுகிறது என்று காட்ட வழி உண்டா?

டென்டேட்_வாசல்:
வாக்-ரிஜ் எலிகளைப் பாருங்கள். அவற்றில் ஸ்பைக்-வேவ் எனும் வலிப்பு மின்னலைகள் 7 முதல் 11 ஹெர்ட்ஸில் தானாகவே வரும், பைலோகார்பைன் போலச் செல்களைக் கொல்வதில்லை. முகத்துக்கான உணர்வுப் புறணியில் என்.ஏ.வி.1.1, என்.ஏ.வி.1.6 சோடியம் வாயில்கள் கூடுகின்றன, எச்.சி.என்.1 அயனி வாயில் குறைகிறது. வலிப்பு தொடங்கும் முன்பே குடிநீரில் எத்தோசக்சிமைடு என்னும் வலிப்பு மருந்து கொடுத்து வந்தால் இந்த மாற்றங்கள் தடுக்கப்படுகின்றன. ஒரு எச்சரிக்கை: அது மரபுவழி வந்த எலி, இடமும் புறணி. ஹிப்போகேம்பஸிலேயே வேண்டுமென்றால் அமிக்டலா கிண்டிலிங் (அமிக்டலா என்னும் மூளைப் பகுதியைத் திரும்பத் திரும்ப மின்தூண்டி வலிப்பை வளர்ப்பது). அதில் செல் இழப்பு பைலோகார்பைனைவிட மிகக் குறைவு. கடைசித் தூண்டலிலிருந்து எத்தனை மணி நேரம் என்பதும் உங்கள் கையிலேயே இருக்கும்.

லைசேட்_மேசை:
ஒரு எலியிலிருந்து ஆறு லேன் ஓட்டினாலும் மாதிரி எண்ணிக்கை என் = 1 தான். எல்லாக் குழுக்களையும் ஒரே ஜெல்லில் கலந்து ஏற்றுங்கள். கன்ட்ரோல் ஒரு ஜெல், வலிப்பு இன்னொரு ஜெல் என்று வைத்தால் டிரான்ஸ்ஃபர் வேறுபாடே முடிவாக வந்து நிற்கும்.