ஆப்பிரிக்காவில் சுகாதாரக் கொள்கை ஆய்வுத் திறன்: உள்ளூரில் வேரூன்றிய முன்மாதிரி உண்டா?

கேள்வி:
வணக்கம். ஆப்பிரிக்க நாடுகளின் சுகாதார அமைப்புகள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் வெளிநாட்டு நிதியைச் சார்ந்தே நடக்கின்றன. உள்நாட்டு ஆய்வாளர்களின் முடிவு அரசின் கொள்கையாகவே மாறிய எடுத்துக்காட்டு ஏதேனும் உண்டா?

மறுமொழி 1:
கானாவின் வடக்கிலுள்ள நவ்ரோங்கோவைப் பாருங்கள். அங்குள்ள ஆய்வு மையம் அந்நாட்டு அரசின் சுகாதாரத் துறையைச் சேர்ந்தது. 1994-இல் தொடங்கிய சோதனையில், பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கிராமங்களிலேயே குடியமர்த்தி, ஊர்த் தலைவர்களின் ஒத்துழைப்போடு வீடு வீடாகச் சேவை வழங்கச் செய்து, குழந்தை இறப்பு எவ்வாறு மாறுகிறது என்பதை அளந்தார்கள். 1999-இல் அந்த முறையே தேசியக் கொள்கை ஆயிற்று. ஆய்வாளர்களும் முடிவெடுப்பவர்களும் ஒரே துறைக்குள் இருந்தது இதற்குப் பெரிதும் உதவியது என்றே கருதுகிறேன்.

மறுமொழி 2:
மேலே நண்பர் சொன்னது சரியே. ஆயினும் மையங்கள் மட்டும் போதா, கற்பிப்பவர்களும் வேண்டும். சுகாதாரக் கொள்கை ஆய்வுத் திறனை ஆப்பிரிக்காவில் வளர்க்க 2011 முதல் 2015 வரை நடந்த 'செப்சா' (CHEPSAA) திட்டத்தில் ஆப்பிரிக்க, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இணைந்து, எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பாடங்களை உருவாக்கின. திட்ட நிதி முடிந்ததும் இளம் ஆய்வாளர்கள் ஆலோசகர் பணிகளுக்குச் சென்றுவிடாதிருக்க, நிரந்தரப் பணியிடங்களுக்கு அந்தந்த அரசுகளே ஊதியம் ஒதுக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நவ்ரோங்கோவின் முறையை மற்ற மாவட்டங்களுக்கு விரிவாக்கியபோது எழுந்த சிக்கல்களை அறிந்தவர்கள் எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.