கில்கென்னியின் பசுமைக் கட்சிக்காரர்: என் பங்குக்கு

குடியுரிமை இல்லாவிட்டாலும் அயர்லாந்தில் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். 2019-ல் பசுமைக் கட்சிக்கு வாக்குக் கேட்டு வந்த இளைஞர் ஒருவர் வாசலில் நின்று சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அதன் பிறகுதான் எங்கள் கில்கென்னியின் பசுமைக் கட்சிக் கவுன்சிலர் மால்கம் நூனனைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

இவர் 2004-ல் கவுன்சிலரானவர். 2009-ல் கட்சி படுதோல்வி கண்டபோது நாடு முழுக்கக் கவுண்டி (மாவட்டம் மாதிரி) கவுன்சில்களில் மிஞ்சிய மூவரில் ஒருவர். அந்த வருடமே கில்கென்னி மேயர். 2011-ல் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூட இல்லை. அப்போதும் கவுன்சில் வேலையை விடவில்லை. கறவை மாடுகளை நம்பியிருக்கும் கவுண்டியில் இது சின்ன விஷயமில்லை.

2020-ல் எம்.பி. ஆகி, பாரம்பரியத் துறை இணை அமைச்சரானார். தேசியப் பூங்கா, வனவிலங்குத் துறையைச் சீரமைத்ததும், 2024 ஏப்ரலில் கெர்ரியில் நாட்டின் முதல் கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதும் இவர் காலத்தில்தான்.

ஆனால் எங்கள் தெருக்கோடியில் மாடு வளர்ப்பவரிடம் இதைச் சொன்னால் அவர் வேறொன்று சொல்வார். மாட்டுச் சாணத்தின் வழி நிலத்தில் சேரும் நைட்ரஜனுக்கு ஹெக்டேருக்கு 250 கிலோ என்றிருந்த உச்சவரம்பு, 2024 முதல் பல பகுதிகளில் 220 ஆனது. மாட்டைக் குறைக்கவேண்டும், இல்லையென்றால் குத்தகைக்கு நிலம் தேட வேண்டும். முடிவு பிரஸ்ஸல்ஸில், ஐரோப்பிய ஒன்றியம் எடுத்தது. கூட்டணி ஆட்சியில் வேளாண் அமைச்சரும் வேறு கட்சி. கோபமோ பசுமைக் கட்சி மேல். அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே ஓடும் நோர் ஆற்றில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு நன்னீர் முத்துச் சிப்பி இருக்கிறது. வண்டல் படிந்து குஞ்சுகள் பிழைப்பதில்லை, கிழடுகள்தான் மிச்சம். அதற்காகப் பேச யாராவது வேண்டாமா?

2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் பசுமைக் கட்சி 12 இடங்களிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது. நூனனும் தோற்றார். அன்று எனக்கு உண்மையாகவே வருத்தம். இருபது வருடம் ஊருக்குள் உழைத்தவரைக் கட்சியோடு சேர்த்துத் தண்டித்தது நியாயமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம் 2025 ஜனவரியில் செனட்டுக்கு (மேலவைக்கு) தேர்வானார், அதுவும் வேளாண் பிரிவில். அந்தத் தேர்தலில் பெரும்பாலும் வாக்களிப்பவர்கள் நாடெங்குமுள்ள கவுன்சிலர்கள். கவுன்சிலராகவே இத்தனை வருடம் இருந்தவரை அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்!